பேரம் பேசக் கூடாத வைரம்

அந்தப் பெயிண்ட் கம்பெனியின் கொள்முதல் அறையில், விற்க வருபவர்கள் உட்காருவதற்கென்றே ஒரு நாற்காலி இருக்கிறது. அதன் ஒரு கால் மற்ற மூன்றையும்விடக் கொஞ்சம் குட்டை. பராமரிப்புப் பிரிவுக்காரர்கள் அதைச் சரிசெய்ய இரண்டு முறை வந்தார்கள். இரண்டு முறையும் கொள்முதல் அதிகாரி அவர்களுக்குக் காப்பி கொடுத்துத் திருப்பி அனுப்பிவிட்டார். ஆடுகிற நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரால் விலையில் ஆடாமல் நிற்க முடியாது என்பது அந்த அம்மாளின் கண்டுபிடிப்பு. உலகம் இதற்கு இன்னும் எந்த விருதும் தரவில்லை.

கம்பெனியில் அவருக்கு வைத்திருக்கும் பெயர் கொட்டேஷன். மூன்று இடங்களில் விலை கேட்காமல் ஒரு குண்டூசியைக்கூட வாசலைத் தாண்ட விடமாட்டார். பெயர் தனக்குத் தெரியாது என்று அவர் காட்டிக்கொள்வார். தெரியும் என்று எல்லோருக்கும் தெரியும்.

பேரத்தில் அவர் குரலை உயர்த்தியதே கிடையாது. விற்பவர் விலையைச் சொன்னதும் பேனாவின் மூடியைச் சத்தமில்லாமல் மாட்டுவார். பிறகு ஜன்னலைப் பார்ப்பார். ஜன்னலுக்கு வெளியே ஒரு சுவர்தான் இருக்கிறது. அந்தச் சுவரை அவர் பார்க்கிற பார்வையில், எதிரே இருப்பவருக்குத் தன் குடும்பத்தின் எதிர்காலமே தெரிந்துவிடும்.

"மேடம், இதுக்கு மேல குறைச்சா நான் வீட்டுல போய் என்னன்னு சொல்றது?" என்று தகர டப்பா சப்ளையர் ஒருமுறை கண் கலங்கினார்.

"மேடம் ரொம்ப நல்லவங்கன்னு சொல்லுங்க. டப்பா மூடி இறுகலை, அதையும் சொல்லுங்க."

பொருளில் குறை கண்டுபிடிப்பதுதான் அவருடைய கலையின் உயிர்நாடி. விலையைக் குறை என்று அவர் யாரிடமும் கெஞ்சியதில்லை. இந்தப் பொருள் இந்த விலை பெறாது என்று நிரூபித்துவிடுவார். கடைசியில் விற்பவருக்கே தன் சரக்கின்மேல் ஒரு அருவருப்பு வந்துவிடும்.

இப்படிப்பட்டவருக்கு வாய்த்த கணவர், மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்கட்டில் லென்ஸ் தேய்ப்பவர். வாரத்தில் ஆறு நாள் அவர் வாயே திறப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் மட்டும் அவர் ஒரு பிரபஞ்சத்தின் அதிபதி. சாப்பாட்டு மேசையைத் துடைத்து, வரைபடத்தை விரித்து, பகடைகளைக் கொட்டினாரானால் அவர்தான் கேம் மாஸ்டர்.

ஆட்டம் இதுதான். காடு, கோட்டை, பூதம், கடைக்காரர், மழை எல்லாமே கேம் மாஸ்டரின் வாயில் இருக்கும். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி அந்த உலகத்துக்குள் நடப்பார்கள். "நான் கதவை உடைக்கிறேன்" என்று ஒருவர் சொன்னால் பகடையை உருட்ட வேண்டும். எண் நன்றாக விழுந்தால் கதவு உடையும். மோசமாக விழுந்தால் தோள்பட்டை உடையும். வளர்ந்தவர்கள் இதைப் பல மணி நேரம் மிகுந்த பொறுப்போடு செய்வார்கள்.

இந்த வீட்டில் ஆடுபவர்கள் மூன்று பேர். கொட்டேஷன், ஆட்டத்தில் மந்திரத்தால் காயங்களை ஆற்றும் ஒரு துறவி. தெருமுனையில் கிளினிக் வைத்திருக்கும் பல் டாக்டர், ஒரு திருடன். விதிப்புத்தகத்தைத் தலையணையாக வைத்துத் தூங்குபவர். மூன்றாவது, கேம் மாஸ்டரின் அக்கா. அதாவது கொட்டேஷனின் நாத்தனார். அதே வீட்டின் மேல்மாடியில் தனியாகக் குடியிருப்பவர். டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். அவர் ஆட்டத்தில் கோடரி ஏந்திய தளபதி. இதற்காக அவர் பெரிதாக நடிக்க வேண்டியிருக்கவில்லை.

இங்கேதான் ஒரு சிக்கல். துறவியும் தளபதியும் உயிருக்குயிரான தோழிகள். கொட்டேஷனும் நாத்தனாரும் மூன்று வருஷமாகப் பேசுவதில்லை.

காரணம், ஒரு வாஷிங் மெஷின். தம்பி புதுசாகக் குடிவந்தபோது அக்கா அதைப் பரிசாக வாங்கி அனுப்பினார். கடைக்காரர் சொன்ன விலையை எண்ணி வைத்துவிட்டு வந்தார். பரிசுக்குப் பேரம் பேசுவது அவருக்குக் கௌரவக் குறைச்சல். கொட்டேஷனுக்கு அன்றிரவு தூக்கம் வரவில்லை. காலையில் கடைக்கே போனார். மெஷினின் பக்கவாட்டில் ஒரு கீறலைக் கண்டுபிடித்தார், அதன் மதிப்பை நிலைநாட்டினார், ஒரு தொகையைத் திரும்ப வாங்கினார். அதை ஒரு கவரில் போட்டு, விருந்தாளிகள் காப்பி குடித்துக்கொண்டிருந்த கூடத்தில் வைத்து நாத்தனார் கையில் கொடுத்தார்.

"இந்தாங்க அண்ணி. உங்களை நல்லா ஏமாத்தியிருக்கான். நான் பேசி வாங்கிட்டேன்."

உதவி செய்த திருப்தியோடு அவர் சிரித்தது உண்மை. நாத்தனார் கவரைப் பார்த்தார், கூடத்தைப் பார்த்தார்.

"அப்போ நான் ஏமாளி, என் பரிசு ஓட்டை உடைசல். இதைத்தானே நாலு பேர் முன்னாடி சொல்ற?"

அதற்குப் பிறகு இருவருக்கும் நடுவே பேச்சு இல்லை. ஆனால் ஒரே வீட்டில் மேலேயும் கீழேயும் இருப்பவர்களுக்குப் பேச எவ்வளவோ இருக்கிறது. தண்ணீர் மோட்டார் இருக்கிறது, கூரியர் இருக்கிறது, மொட்டைமாடித் துணி இருக்கிறது. முதலில் தம்பிதான் தூது போனார். "மோட்டாரை நிறுத்தச் சொல்லு" என்பதைக் கொண்டுபோய்ச் சேர்த்தால், "அவ எந்த மாதிரி சொன்னா, முகத்தை எப்படி வச்சிருந்தா?" என்று மேலே ஒரு விசாரணை, கீழே ஒரு விசாரணை. மனிதர் ஒரே மாதத்தில் தூதர் பதவியை ராஜினாமா செய்தார். இனி எந்தக் காரணம் கொண்டும் இங்கே சொன்னதை அங்கே சொல்வதில்லை என்று அவர் எடுத்த சபதம் அசைக்க முடியாதது.

அதன்பின் அந்த வேலை ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தின் தலையில் விழுந்தது. பாத்திரங்கள் பேசிக்கொள்வதற்குத் தடை ஏதும் இல்லையே.

"துறவியாரே," என்பார் தளபதி, கோடரியைத் துடைப்பதுபோல் கையை அசைத்துக்கொண்டே. "கோட்டையின் மேல்தளத்தில் நேற்றிலிருந்து நீர்வரத்து இல்லை. கீழ்த்தளத்தார் யந்திரத்தை இயக்க மறந்தார்களோ?"

"மறக்கவில்லை, தளபதியாரே. வால்வு பழுது. நாளை கைவினைஞர் வருகிறார்."

பல் டாக்டருக்கு முதல் சில வாரங்கள் இது புரியவில்லை. அந்த யந்திரத்தைத் தேடிப் பாழடைந்த கோட்டை ஒன்றின் எல்லா அறைகளிலும் பகடை உருட்டிப் பார்த்தார்.

நாளடைவில் வேறு விஷயங்களும் வந்தன. தளபதிக்கு முழங்கால் வலி. நாள் முழுக்க அடுத்தவர்கள் ஓட்டும் காரில், தன் பக்கத்துப் பிரேக்கை மிதித்து மிதித்து வந்த வலி. "தங்கள் காலுக்கு அந்தத் தைலம் பயன்பட்டதா?" என்று துறவி கேட்பார். "ஓரளவு. ஆயினும் படியேறுகையில் உயிர் போகிறது," என்பார் தளபதி. அடுத்த நாள் மாடிப்படிக் கைப்பிடியில் ஒரு முழங்கால் உறை தொங்கும். யார் வைத்தது என்று யாரும் கேட்பதில்லை.

இனி வைரத்துக்கு வருவோம்.

இந்த ஆட்டத்தில் மந்திரம் போடப் பொருள் வேண்டும். சில்லறை மந்திரங்களுக்குச் சில்லறைப் பொருள்: கொஞ்சம் மெழுகு, வௌவால் ரோமம், ஒரு சிட்டிகை மணல். இவையெல்லாம் மந்திரம் போடுபவரின் இடுப்புப் பையில் எப்போதும் இருப்பதாக வைத்துக்கொள்வார்கள். ஆனால் விதிப்புத்தகம் ஒரு பொருளுக்கு விலை குறித்துவிட்டால் சமாளிக்க முடியாது. அந்தப் பொருளைத் தேடி, காசு கொடுத்து வாங்கி, கையில் வைத்திருக்க வேண்டும். மந்திரம் பலித்ததும் அது புகையாகிவிடும். செத்தவரை எழுப்பும் மந்திரத்துக்குப் புத்தகம் கேட்பது, அறுநூறு பொற்காசு மதிப்புள்ள ஒரே ஒரு வைரம். உடல் கெடுவதற்குள் போட்டாக வேண்டும்.

இந்த விதியை எழுதியவருக்கு, உலகத்தில் கொள்முதல் பிரிவு என்று ஒன்று இருப்பது தெரிந்திருக்காது.

போன வருஷமே கொட்டேஷன் அந்த வைரத்தை வாங்கிவிட்டார். மலையடிவாரத்தில் ஒரு குள்ளன் நடத்தும் கடை. குள்ளனுக்குக் குரல் கொடுத்தவர் கணவர். அறுநூறு என்றான் குள்ளன். கொட்டேஷன் பேனா மூடியை மாட்டினார், சமையலறை ஜன்னலைப் பார்த்தார். பிறகு கல்லின் உள்ளே புகைமூட்டம் இருப்பதையும், பட்டை தீட்டியதில் ஒரு முனை மழுங்கியிருப்பதையும், இந்தக் கல் எந்தச் சந்தையிலும் நானூறுக்கு மேல் பெறாது என்பதையும் விளக்கினார். அப்படி ஒரு கல்லே உலகத்தில் இல்லை, எல்லாம் கணவரின் கற்பனை. அந்தக் கற்பனையிலேயே அவர் புகைமூட்டத்தைக் கண்டுபிடித்துவிட்டார். முடிவில் குள்ளன் மன்னிப்புக் கேட்டு நானூறுக்குக் கொடுத்தான். மேசையே கைதட்டியது. நாத்தனார்கூட, தளபதியின் சார்பில், "சபாஷ் துறவியாரே" என்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சதுப்புநிலத்தில் அந்த ஆபத்து வந்தது. சேற்றிலிருந்து ஒரு முதலை அரசன் எழுந்து துறவியின்மேல் பாய்ந்தான். துறவிக்கு உடம்பில் உயிர் கொஞ்சம்தான் பாக்கி. பல் டாக்டர் மரத்தின்மேல் இருந்தார்; திருடர்கள் வழக்கமாக அங்கேதான் இருப்பார்கள். நாத்தனார் யோசிக்கவே இல்லை.

"நான் நடுவுல போய் நிக்கறேன்," என்றார். பிறகு தளபதியின் குரலில், "துறவியாரே, என் பின்னால் செல்லுங்கள்!"

கேம் மாஸ்டர் பகடையை உருட்டினார். எண்ணைப் பார்த்து அவருக்கே வேர்த்தது. அக்காவைக் கொன்றுவிட்டதை மெல்லிய குரலில் அறிவித்தார்.

"கவலை எதுக்கு?" என்று மரத்திலிருந்து இறங்கினார் பல் டாக்டர். "நம்மகிட்ட வைரம் இருக்கே. எடுங்க, எழுப்புங்க."

கொட்டேஷன் பெருமையோடு வைரத்தை எடுத்ததாக அறிவித்தார். கேம் மாஸ்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார்.

"அது நானூறு காசு வைரம்," என்றார்.

"வாங்கின விலை நானூறு. மதிப்பு அறுநூறு," என்று பாய்ந்தார் பல் டாக்டர். "விலை வேற, மதிப்பு வேற. புத்தகத்துல மதிப்புன்னுதான் போட்டிருக்கு. தள்ளுபடியில கிடைச்சா கல் சின்னதாயிடுமா?"

"தள்ளுபடின்னா சரி டாக்டர். ஆனா இவ தள்ளுபடி கேட்கலையே. அந்தக் கல்லே நானூறுக்கு மேல பெறாதுன்னு நிரூபிச்சா. குள்ளன் ஒத்துக்கிட்டான். நீங்ககூட கைதட்டினீங்க."

எல்லோரும் கொட்டேஷனைப் பார்த்தார்கள். அவர் செய்ய வேண்டியது ஒன்றுதான். அன்றைக்குச் சொன்னது பொய், கல்லில் குறையே இல்லை என்று சொல்லிவிட வேண்டும். கொள்முதல் துறையில் இத்தனை வருஷம் இருந்தவர் வாயிலிருந்து அப்படி ஒரு வாக்கியம் வருவது சாதாரண காரியமா? தகர டப்பா சப்ளையர், அட்டைப்பெட்டி சப்ளையர், பசை சப்ளையர் எல்லோரும் மனக்கண்ணில் வரிசையாக வந்து நின்றிருப்பார்கள். அவர் பேனாவின் மூடியைக் கழற்றினார்.

"புகைமூட்டம்... சும்மா சொன்னேங்க."

பல் டாக்டர் மரியாதையாகத் தலையைக் குனிந்துகொண்டார்.

"இப்போ சொல்லி என்னம்மா பண்றது?" என்றார் கணவர். "நீ சொன்னப்புறம் அந்தக் கல்லுல புகைமூட்டம் இருக்குன்னு நான் முடிவு பண்ணிட்டேன். இப்போ நிஜமாவே இருக்கு."

"இன்னொரு சின்னக் கல்லு வாங்கி, ரெண்டையும் சேர்த்து வச்சா?" என்றார் பல் டாக்டர்.

"ஒரே ஒரு வைரம்னு இருக்கு."

நாத்தனார் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். செத்தவர் பேசக் கூடாது என்பது மேசையின் வழக்கம். பையை எடுத்துக்கொண்டு, கைப்பிடியைப் பிடித்து, ஒவ்வொரு படியாக மேலே ஏறிப் போனார்.

அந்த வாரம் புதன்கிழமை நாத்தனாருக்கு முழங்கால் ஸ்கேன். ஆபரேஷனா இல்லையா என்று அன்றைக்குத் தெரியும். சதுப்புநிலத்துக்குப் போகும் வழியில் தளபதி துறவியிடம் இதைச் சொல்லியிருந்தார். புதன்கிழமை சாயங்காலம் மாடிப்படியில் காலடிச் சத்தம் கேட்டது. கொட்டேஷன் கதவருகே நின்று கேட்டார். சத்தத்தை வைத்து முழங்காலின் நிலவரம் ஒன்றும் புரியவில்லை.

"என்னங்க, ஸ்கேன்ல என்னவாம்?"

"இங்கே சொன்னதை அங்கேயும், அங்கே சொன்னதை இங்கேயும்..." என்று சபதத்தை ஆரம்பித்தார் கணவர்.

"உங்க சபதத்துல இடி விழ. ஆபரேஷனா, இல்லையா? தலையை மட்டும் ஆட்டுங்க."

"தலையும் தூதுதான்."

மாடியேறிப் போய்க் கேட்டுவிடலாமே என்று வாசகர்கள் நினைக்கலாம். வாசகர்கள் எந்த நாத்தனாரோடும் மூன்று வருஷம் பேசாமல் இருந்து பார்த்திருக்க மாட்டார்கள். ஒவ்வொரு மாதமும் படிகளின் எண்ணிக்கை கூடிக்கொண்டே போகும். கொட்டேஷனுக்கு இருந்த வழி ஒன்றுதான். தளபதியை எழுப்ப வேண்டும், எழுப்பியதும் காலைப் பற்றிக் கேட்க வேண்டும். வியாழன், வெள்ளி இரண்டு நாளும் கம்பெனியில் அவர் கவனம் இல்லாமல் இருந்தார். பசை சப்ளையர் தான் சொன்ன விலைக்கே ஆர்டர் வாங்கிப் போனார்; மனிதர் பயந்துபோய், பசையில் ஏதாவது கோளாறோ என்று திரும்ப வந்து விசாரித்தார்.

ஞாயிற்றுக்கிழமை துறவியும் திருடனும் தலைநகரச் சந்தைக்குள் நுழைந்தார்கள். நாத்தனாரும் வந்து உட்கார்ந்திருந்தார், பிணம் என்ற முறையில். கழுதை வண்டியில், ஈரத்துணியில் சுற்றிக் கிடந்தார்.

மாஸ்டருக்கு மனம் கேட்கவில்லை போலிருக்கிறது. சந்தையில் முதல் கடையே வைரக்கடையாக இருந்தது. கடை வைத்திருந்த கிழவி, பளிச்சென்று ஒரு கல்லை எடுத்து வைத்தாள். விலையும் கச்சிதமாக அறுநூறு. அவர்களின் பணப்பையில் இருந்தது அதைவிடக் கொஞ்சம் அதிகம். இனி "சரி" என்ற ஒரு சொல் போதும்.

"மேடம், பேரம் வேண்டாம்," என்று கிசுகிசுத்தார் பல் டாக்டர். "கல்லைப் பாக்கவே பாக்காதீங்க. கண்ணை மூடிக்கிட்டு சரின்னு சொல்லுங்க."

கொட்டேஷன் கண்ணை மூடினார். பேனாவை மேசைக்கு அடியில் வைத்தார். "ச..." என்றார். மிச்சம் வரவில்லை. மறுபடி முயன்றார். நெற்றியில் நரம்பு புடைத்தது. பிரசவ வார்டில்தான் அப்படி ஒரு முகத்தைப் பார்க்க முடியும்.

அத்தோடு விட்டிருந்தால் காரியம் முடிந்திருக்கும். ஆனால் கேம் மாஸ்டருக்குக் கிழவியின் குரல் அன்றைக்கு நன்றாக அமைந்துவிட்டது. கலைஞனுக்கு அது பெரிய ஆபத்து.

"கல்லுக்கு அறுநூறு தாயே," என்று குழைந்தார். "பட்டை தீட்டின கூலி தனி. வைக்கிற டப்பா தனி. சந்தை வரி தனி."

கொட்டேஷன் கண்ணைத் திறந்தார். ஆனால் வாயைத் திறக்கவில்லை. கண்ணில் நீர் முட்ட, தலையை ஆட்டி ஒத்துக்கொண்டார். கொட்டேஷன், டப்பாவுக்குத் தனியாகக் காசு தர ஒத்துக்கொண்டார்!

கழுதை வண்டியிலிருந்து ஒரு குரல் வெடித்தது.

"டேய்! பொணத்தைக் காட்டிக் கொள்ளையடிக்கிறியா? எந்தக் கடையிலடா டப்பாவுக்குத் தனியாக் காசு?"

"அக்கா, நீ செத்துட்ட."

"செத்தா கண்ணும் தெரியாதா?" நாத்தனார் திரும்பினார். மூன்று வருஷத்தில் முதல் தடவையாகத் தம்பி மனைவியின் முகத்தை நேராகப் பார்த்தார். "நீ என்ன இப்படி பிடிச்சு வச்ச மாதிரி உக்காந்திருக்க? ஊரையே உருட்டுற வாய் எங்கே போச்சு? கேளு அவளை!"

"கேட்டா மதிப்பு குறைஞ்சிடும் அண்ணி. அப்புறம் உங்களை எழுப்ப முடியாது."

"குறைஞ்சா குறையட்டும். என் கண்ணு முன்னாடி நீ ஏமாறக் கூடாது. கேளு!"

பேனா மேலே வந்தது. மூடி மாட்டப்பட்டது. சமையலறை ஜன்னல் பார்க்கப்பட்டது.

முதலில் டப்பா போனது. பிறகு சந்தை வரி போனது. பிறகு கூலி. "அந்தத் தராசைப் பாரு, ஒரு பக்கம் சாஞ்சிருக்கு," என்று நாத்தனார் எடுத்துக்கொடுக்க, கொட்டேஷன் தராசுக்குள் புகுந்தார். விலை சுத்தமாக அறுநூறில் வந்து நின்றது.

"போதும்! இங்கேயே நிறுத்துங்க!" என்று எழுந்து நின்று கத்தினார் பல் டாக்டர்.

"ஐந்நூத்தி எண்பது," என்றார் கொட்டேஷன்.

"மேடம்!"

"ஏய், பிரேக்! பிரேக் பிடி!" நாத்தனார் பழக்கதோஷத்தில் மேசைக்கு அடியில் தரையை ஓங்கி மிதித்தார். வண்டி நிற்கவில்லை. கல்லின் அடிப்பாகத்தில் ஒரு மஞ்சள் சாயல் இருப்பதைக் கொட்டேஷன் அதற்குள் கண்டுபிடித்திருந்தார். கிழவி தன் குடும்பக் கஷ்டத்தைச் சொன்னாள், எடுபடவில்லை. ஐந்நூற்றுப் பத்தில் கிழவி கும்பிட்டாள். பிறகுதான் கொட்டேஷனுக்குச் சுயநினைவு வந்தது. கையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"அய்யோ. அண்ணி..."

"நிறுத்தவே தெரியாதா உனக்கு?" என்றார் நாத்தனார். சொல்லும்போதே சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தார், மூக்கு வழியாக வந்தது. "மூணு மாசம் கிளாஸ் எடுத்தாலும் உனக்கு லைசென்ஸ் கிடைக்காதுடி."

கேம் மாஸ்டர், கனத்த மனத்தோடு, அடுத்த கல் தேடுவதற்குள் உடல் கெட்டுவிடும், தளபதிக்கு இனி உயிர் இல்லை என்று தீர்ப்புச் சொன்னார். யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

"ஸ்கேன்ல என்ன சொன்னாங்க?" என்று கேட்டுக்கொண்டிருந்தார் கொட்டேஷன்.

"ஆபரேஷன் வேண்டாமாம். தேய்மானம்தான். உடற்பயிற்சி பண்ணணுமாம். நீ புதன்கிழமை கதவுக்குப் பின்னாடி நின்னியே, வாயைத் திறந்து கேட்டா என்ன?"

"நீங்க நின்னு சொல்லியிருந்தா என்ன?"

இது இப்படியே சற்று நேரம் வளர்ந்தது. மூன்று வருஷத்துப் பாக்கி, வாஷிங் மெஷின் உட்பட, அந்த மேசையிலேயே உரத்த குரலில் பேசி முடிக்கப்பட்டது. யார் ஜெயித்தார்கள் என்பதில் இன்றுவரை இரண்டு கருத்து உண்டு. பல் டாக்டர் பகடைகளைப் பொறுக்கி வைத்துவிட்டு, தன் திருடன் ஓரமாகப் போய்த் தூங்குவதாக அறிவித்தார்.

அடுத்த வாரம் கேம் மாஸ்டர் அக்காவிடம் ஒரு புதுத் தாளை நீட்டினார். "வேற பாத்திரம் எழுதிக்கோ. வில்லாளி வேணுமா, மந்திரவாதி வேணுமா?"

"எதுக்கு? நான் பாட்டுக்குச் செத்தே இருக்கேன். சௌகரியமா இருக்கு."

"செத்தவங்க பேசக் கூடாது அக்கா."

"எந்தப் பக்கத்துல இருக்கு, காட்டு."

பல் டாக்டர் புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டினார். அப்படி ஒரு விதி அச்சாகியிருக்கவில்லை. நாத்தனார் நாற்காலியை இழுத்துத் தம்பி மனைவியின் பக்கத்தில் போட்டுக்கொண்டார். கதைப்படி, தளபதியின் உடலைச் சொந்த ஊருக்குக் கொண்டுசேர்க்க நான்கு சுமை தூக்குபவர்கள் தேவைப்பட்டார்கள். கேம் மாஸ்டர் அவர்களின் தலைவனாகித் தொண்டையைச் செருமி, கூலியைச் சொன்னார்.

"ஆளுக்கு அவ்வளவா?" என்றார் கொட்டேஷன்.

"நான் என்ன அவ்வளவு கனமாவா இருக்கேன்?" என்றது பிணம்.